மீன் வேனில் ஓர் ஆள் படுக்கை

படுத்துப் பார்க்கத்தான் உள்ளே ஏறினேன்.

காலைப் பணி முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். வெள்ளை யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. வீட்டு முன்கூரையின் கீழ் வேன் நின்றது. பக்கத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே புது வார்னிஷ் வாசம். கட்டில் வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, பலகையில் மல்லாந்து படுத்தேன்.

வலது தோள் வேனின் சுவரில் இடித்தது. கொஞ்சம் நகர்ந்தேன். இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மறுபடி நகர்ந்து பார்த்தேன். எப்படிப் படுத்தாலும் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் வெறும் காற்று.

நர்ஸாகக் கட்டில்களுக்கு நடுவிலேயே பிழைப்பு நடத்தியவள் நான். அது ஒரே ஓர் ஆளுக்கான கட்டில் என்று புரிய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

என் கணவர் வெளியே குந்தி உட்கார்ந்து ஒரு சின்னப் பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். மேலே இன்னொரு கட்டில் வருமோ என்று கூரையைப் பார்த்தேன். கூரை வழுவழுப்பாக மூடி முடிந்திருந்தது.

பாசாருக்குப் போனவர்

இந்தப் பத்தியில் போன வாரங்களில் வார்டு கதைகளாகவே எழுதிவந்தேன். "உங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு வரிகூட வரலையே, அவரு இருக்காரா இல்லையா?" என்று கோயிலில் ஒரு வாசகி கேட்டார். இருக்கிறார். இந்த வாரம் முழுக்க அவர்தான்.

அவர் பெயர் மணியம். கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே பட்டறையில் தச்சராக இருந்தார். ரயில் பெட்டிகளின் உள்வேலை அவருடையது. தூங்கும் பெட்டிகளின் படுக்கைகள், மடக்கு மேசைகள், ஓடும்போது தானாகத் திறந்துகொள்ளாத அலமாரிகள். வடக்கே போகிறவர்களும் தெற்கே போகிறவர்களும் அவர் செய்த பலகையில் தூங்கிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் தினமும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கும் செந்தூலுக்கும் போய் வந்துகொண்டிருந்தார்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கிள்ளானில் ஒரு தாமானுக்கு வந்தோம். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு. எனக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கிடைத்தது. ஒரே மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போயிருந்தாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

ஒரு சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு, "பாசாருக்குப் போய்ட்டு வரேன், கீரை வாங்கணுமா?" என்று கேட்டுப் போனார். கீரையோடுதான் வந்தார். கூடவே ஒரு வேனையும் ஓட்டிக்கொண்டு வந்தார்.

வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன பழைய ஜப்பான் வேன். துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றியது. பின்னால் ஜன்னல் கிடையாது. வெறும் தகரப் பெட்டி.

"யாரு வண்டி இது?"

"நம்ம வண்டி."

"எதுக்கு?"

"இதுல படுத்துக்கலாம், சமைச்சுக்கலாம். அப்படியே கிழக்குக் கரை, கிளந்தான், அந்தாண்ட தாய்லாந்துல சொங்க்லா. எல்லாத்தையும் பாத்துட்டு வரணும். ஒரு வருஷமாவது."

என்னோடு அத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் சிரம்பானைத் தாண்டுவதற்கே யோசிப்பார். கையில் கீரைக்கட்டோடு நான் வாசலிலேயே நின்றேன்.

தாமான் பூனைகள்

அன்று மாலைக்குள் எங்கள் வரிசையிலிருந்த பூனைகள் அத்தனையும் வந்துவிட்டன. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கூரைமேல் ஒன்று, மற்றவை வேனின் வாசலைப் பார்த்தபடி வரிசையாக. அவ்வளவு நாற்றம். வருடக்கணக்கில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் அந்தத் தகரத்தில் ஊறியிருந்தது.

புளி போட்டுத் தேய்த்தோம். எலுமிச்சம்பழம் தேய்த்தோம். கோப்பித்தூளைச் சட்டியில் வறுத்துப் புகைபோட்டோம். நாற்றம் குறைந்தது, போகவில்லை. கடைசியில் அவர் தரை முழுக்கத் தகடு அடித்து, மேலே கனமான பிளைவுட் பலகை பதித்து மூடிவிட்டார். அந்தத் தரை எப்படி இருக்கிறது என்று வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அதன் பிறகு வேலை அழகாக நடந்தது. பக்கச் சுவரை வெட்டி ஜன்னல் வைத்தார். மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மேசை. குலுங்கினாலும் திறக்காத அலமாரி. குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி, ஒற்றை அடுப்பு, பழைய ரயில் பெட்டியிலிருந்து கழற்றிய சின்ன மின்விசிறி, அது ஓடுவதற்குத் தனி பேட்டரி.

வரும் போகும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. மஞ்சள் துணி எடுத்து ஜன்னல் திரைகளை நானே தைத்தேன். பிளாஸ்டிக் தட்டு இரண்டு, கோப்பைகள் இரண்டு வாங்கி அலமாரியில் வைத்தேன். சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாமா என்று மேட்ரனிடம் விசாரித்து வைத்தேன். "நாங்க ரெண்டு பேரும் வேன்ல கிளம்பறோம்" என்று வார்டு முழுக்கச் சொல்லியாயிற்று.

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டில்.

கேட்காத கேள்வி

வேனிலிருந்து இறங்கி அவர் முன்னால் நின்றேன்.

"இது யாரு படுக்கறதுக்கு?"

உப்புத்தாள் நின்றது. "எனக்கு."

"நான்?"

அவர் கையிலிருந்த பலகையையே பார்த்தார். "உனக்கு ஆஸ்பத்திரி இருக்கு. வேலைய விட்டுட்டு நீ வருவேன்னு நான் நெனைக்கல."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

பலகையைப் புரட்டி மறுபக்கத்தைத் தடவினார். "கேட்டா நீ வரேன்னு சொல்லிடுவியேன்னு."

அவர் குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. சோற்றில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்வாரே, அதே சாதாரணக் குரல். அதனாலேயே எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குள் போய்க் குசினியில் குழாயைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. சமைத்து மூடி வைப்பேன், அவர் எடுத்துப்போட்டுச் சாப்பிடுவார். வேனில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

விஷயம் ரவாங்கில் இருந்த என் அண்ணனுக்கு எட்டியது. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். லோரி கம்பெனியில் மேற்பார்வை பார்த்தவர். எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

"மாப்பிள்ள, நேரா கேக்கறேன். வெளிய ஏதாச்சும் பொம்பள சகவாசமா?"

"இல்ல மச்சான்."

"கடன் தொல்லையா?"

"இல்ல."

"அப்ப என்னாத்துக்கு லா தனியா போற?"

"போகணும்னு இருக்கு."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சாந்தா, இவன ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டு."

என் கணவர் எழுந்து, அண்ணனின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றிவிட்டு, வேனுக்குப் போய்விட்டார்.

மழை பெய்த மதியம்

கிள்ளானில் மதிய மழை சொல்லி வைத்தாற்போல் வரும் மாதம் அது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கொட்டியது. குடை பிடித்தும் இடுப்புக்குக் கீழே நனைந்துவிட்டேன்.

எங்கள் வீட்டை நெருங்கியபோது இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. முன்கூரையின் மூன்று பக்கமும் கான்வாஸ் இறக்கியிருந்தது. மரவேலையில் சாரல் படாமலிருக்க அவர் அப்படிச் செய்வது வழக்கம். மின்விசிறி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற இன்ஜினை ஓட்டுகிறார் என்று நினைத்து, பேசாமல் வீட்டுக்குள் போகப் பார்த்தேன். கான்வாஸை விலக்கியதும் தொண்டை கரித்தது. புகை.

வேனின் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. என் மஞ்சள் திரைகளும் இழுத்து விட்டிருந்தன. பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தேன். சூடான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். தலைப்பக்கம் வாந்தி எடுத்திருந்தார்.

"என்னாங்க."

அசைவில்லை.

முகம் சிவந்திருந்தது. காய்ச்சல்காரனின் சிவப்பு மாதிரியும் இல்லை, வெயில்பட்ட சிவப்பு மாதிரியும் இல்லை. புகை விஷம் ஏறினால் முகம் செக்கச்செவேலென்று சிவக்கும் என்று பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் படித்துக் காட்டிய ஒரு வரி ஞாபகம் வந்தது. அதுவரை அதை என் கண்ணால் பார்த்ததில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஓடிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. அப்படியே ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

எதிர்வரிசையில் ஆ சோங் என்ற சீன மெக்கானிக்கின் வீடு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார். சட்டை இல்லாமல் மழையில் ஓடிவந்தார். நான் அக்குளில் கைகொடுக்க, அவர் காலைப் பிடிக்க, இருவருமாகத் தூக்கி வெளியே கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் மழையிலேயே ஒருக்களித்துக் கிடத்தினோம். வாயைத் துடைத்தேன், தாடையை நிமிர்த்திப் பிடித்தேன். மூச்சு இருந்தது. எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

மழை அவர் முகத்தில் நேராக விழுந்தது. இருமினார். மறுபடி இருமினார்.

"அக்கா, என் வண்டில போட்டுடலாம்," என்றார் ஆ சோங்.

ஆக்ஸிஜன்

என் சொந்த ஆஸ்பத்திரியில் என் சொந்தக் கணவரைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனேன். ஈர யூனிஃபார்மிலிருந்து தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். மூடிய வேன், ஓடும் இன்ஜின் என்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகள் என் காதிலேயே விழுந்தன.

என்னோடு வேலை செய்யும் நர்ஸுகள் எல்லாரும் வந்து தோளைத் தொட்டார்கள், மாற்றுடை கொடுத்தார்கள், சூடாகக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒருத்திகூட எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். கதவுகளைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் படுத்த ஒரு மனிதர். வாரக்கணக்கில் அவரோடு பேசாத ஒரு மனைவி.

மறுநாள் காலையில் நன்றாகக் கண் விழித்தார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"என்னாத்த?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேள்வி மெல்ல மெல்ல அவருக்குள் இறங்குவது முகத்தில் தெரிந்தது. நான் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அடைந்த அதிர்ச்சிக்குக் கொஞ்சமும் குறையாத அதிர்ச்சி அது.

"சாந்தா. பேட்டரி ஏறட்டும்னு இன்ஜின ஓட்டிட்டு, ஃபேன் ஓடுதான்னு பாத்தேன். சாரல் அடிச்சிச்சி, கதவ சாத்தினேன். காத்து நல்லா வந்துச்சி, அப்படியே படுத்தேன். தலைவலி வந்துச்சி. எந்திரிக்கலாம்னா கால் வரல. அவ்வளவுதான்."

நம்பினேன். முழுக்க நம்ப முடியவில்லை என்பதுதான் உண்மை.

மதியம் வீட்டுக்குப் போனேன். ஆ சோங் தானாகவே வேனைத் தன் பட்டறைக்கு இழுத்துப்போய்த் தூக்கி நிறுத்தியிருந்தார். விளக்கை எடுத்துக் கீழே பிடித்தார்.

"பாருங்க அக்கா. மீன் தண்ணி, உப்புத் தண்ணி. பூரா தின்னுடிச்சி."

புகைக்குழாய் நடுவில் இற்றுப்போய், விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அதற்கு நேர் மேலே தரைத் தகரம் அப்பளம்போல உதிர்ந்திருந்தது. என் கணவர் அடித்த புதுத் தகட்டின் ஓரத்துக்கும் வேனின் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கரி படிந்திருந்தது. புகை அந்த வழியாக நேரே கட்டிலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. வார்னிஷும் மீனும் கலந்த நாற்றத்தில் அவருக்கு அது தெரியவில்லை.

ஆ சோங்கின் பட்டறையில் ஒரு பழைய டயர் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

தனி அறை

மாலை பார்வையாளர் நேரத்தில் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். நீளமான வார்டு. இரண்டு பக்கமும் கட்டில்கள். யாரோ இருமினார்கள், யாரோ குழந்தையை அதட்டினார்கள், ஒரு கிழவர் ரேடியோவைக் காதில் வைத்திருந்தார்.

அவராகவே பேச ஆரம்பித்தார்.

"எனக்கு உன்மேல கோவம் ஒன்னும் இல்ல சாந்தா."

"பின்ன?"

"செந்தூல்ல லயத்து வீடு. ஒரே ரூம். அண்ணந்தம்பி எல்லாரும் ஒரு பாய்ல படுப்போம். அப்பறம் பட்டறை. அப்பறம் கல்யாணம், குவார்ட்டர்ஸ், அம்மா, தங்கச்சிங்க, நம்ம புள்ள." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பொறந்ததுலேருந்து ஒரு நாள்கூட நான் தனியா படுத்ததில்ல. காலைல எந்திரிச்சு, யாருகிட்டயும் சொல்லாம, எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கம் போகணும். ஒரே ஒரு தடவ."

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கேட்டா பைத்தியம்னுதான் சொல்லுவாங்க. மச்சான் சொல்லலையா?"

கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஆனால் பொய் இல்லை என்று மட்டும் தெரிந்தது. அதோடு, அந்த மனிதரோடு அத்தனை வருடம் வாழ்ந்தும் இப்படி ஓர் ஆசை அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாமல் போனதே என்ற திகைப்பு இருந்தது. நோயாளி சொல்லாத வலியையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவள் என்று வார்டில் எனக்குப் பெயர்.

சாவி

அவர் வீடு திரும்புவதற்கு முதல் நாள், அண்ணன் ஒரு காய்கறி வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேனை வாங்கும் ஆள். பேசி முடித்தே கூட்டி வந்திருந்தார்.

"சாவியக் குடு சாந்தா. மாப்பிள்ள வர்றதுக்குள்ள அந்த எமன் வண்டிய அனுப்பிடுவோம்."

சாவி என் கையில்தான் இருந்தது. கொடுப்பதற்காகத்தான் உள்ளே போய் எடுத்தும் வந்திருந்தேன்.

"விக்கறதுக்கு இல்லண்ணே," என்றேன்.

சொன்னது நான்தான். ஆனால் வேறு யாரோ என் பின்னால் நின்று சொன்ன மாதிரி இருந்தது.

"என்னா சொல்ற?"

"கீழ்த்தகடு புதுசு அடிக்கணும், குழாய் மாத்தணும். ஆ சோங் செஞ்சு தரேன்னு சொல்லிட்டாரு. அவரு போவாரு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அண்ணன் அந்த வியாபாரியைப் பார்த்தார், அவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். "புருஷனும் பொண்டாட்டியும் சேந்துகிட்டு என்னைப் பைத்தியமாக்கறீங்க லா," என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினார். பிறகு பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஆ சோங் பழைய தரையை முழுக்க வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகட்டைப் பற்றவைத்தார். புகைக்குழாய் பின்பக்கமாக வெளியே போகும்படி நீட்டினார். கூரையில் ஒரு காற்றுப்போக்கியும் தரைப்பக்கம் ஒன்றும் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். என் கணவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வைத்தார். இன்ஜின் ஓடும்போது படுப்பதில்லை என்று என் முன்னால் சொல்ல வைத்தேன்.

பெந்தோங் வரை

பயணத்தின் முதல் நாள் நானும் கூடப் போனேன். அவர் ஓட்டுகிற லட்சணத்தையும் அந்த வேன் ஓடுகிற லட்சணத்தையும் பார்க்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மலைப்பாதை முழுக்க மூக்கைச் சுளித்து மோந்துகொண்டே போனேன். புகை வாசம் இல்லை. மீன் வாசம் லேசாக இருந்தது.

பெந்தோங்கில் ஒரு கடையில் பசியாறினோம். அங்கிருந்து கோலாலம்பூர் திரும்ப எனக்கு பஸ் இருந்தது. பஸ் நிற்கும் இடம்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், திடீரென்று சொன்னார்.

"நீயும் வாயேன்."

"எங்க படுக்கறது?"

"அகலப்படுத்திடலாம். ரெண்டு நாள் வேலதான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் கேட்டார். பயமாகவும் இருந்தார்.

"வேணாம். போய்ட்டு வாங்க," என்றேன்.

பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேன் கிழக்குப் பக்கம் திரும்பியது. என் மஞ்சள் திரை காற்றில் ஜன்னலுக்கு வெளியே வந்து ஆடியது. வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா ஒன்றும் கேட்காமல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை என் மடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது கால் தயங்கியது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த இரவுகளில் நானும் அங்கேயேதான் இருந்தேன். காலியான வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தோழிகள் துணைக்கு வந்து தங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

அன்று யாருக்காகவும் சமைக்கவில்லை. ரொட்டியைக் கோப்பியில் நனைத்துச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்தேன். சாமியறை விளக்கை ஏற்றிவிட்டு, கட்டிலின் நடுவில், கையையும் காலையும் அகலப் பரப்பிக்கொண்டு படுத்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன்.

கண் விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் அப்படித் தூங்கியதில்லை. எழுந்து உட்கார்ந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தேன். உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசுதான் என்னைக் கலங்கடித்தது.

கொஞ்ச நாள் கழித்துக் கோத்தா பாருவிலிருந்து ஒரு காலையில் போன் வந்தது. கடல் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாராம். மீனவர்கள் வேனை மோந்து பார்த்துவிட்டு, தங்கள் ஆள் என்று நினைத்துக் கருவாடு கொடுத்தார்களாம். சிரித்துச் சிரித்துச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"தனியா கஷ்டமா இருக்கா? வேணும்னா திரும்பி வந்துடறேன். ரெண்டு நாள்ல வந்துடலாம்."

"அவசரம் ஒன்னும் இல்லங்க," என்றேன். "நல்லா சுத்திட்டு மெதுவா வாங்க."

பொதுத் தொலைபேசியில் காசு விழும் சத்தம் கேட்டது. அப்புறம் கடல் சத்தம். அதற்கப்புறம்தான் அவர் கேட்டார்.

"மெதுவாவா?"